எட்டாம் மாடியிலிருந்து விழுந்த கம்பு

புக்கிட் மேரா,
வெள்ளிக்கிழமை

என் அன்பு ரெனீ அப்பாவுக்கு,

வெரோனிகா எழுதுவது. புருணையில் ஆண்டவர் உங்களை நலமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் இதை அனுப்பப் பயம். என் போனை ரெனீ பார்ப்பாள். அதனால்தான் நாளை விமானத்தில் உங்கள் கம்பெனிக்கு வரும் வெங்கடேஷிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சென்ற சனிக்கிழமை, நம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் துணி காயப்போடும் மூங்கில் கம்பு கீழே விழுந்துவிட்டது. இரண்டாம் மாடி உமைர் கீழே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு சாண் தள்ளியிருந்தால் தலை.

காலையில் ரெனீதான் சீருடைகளைக் காயப்போட்டு, கம்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பிறகு நான் கயிற்றை அவிழ்த்து, கம்பை உள்ளே இழுத்து, உங்கள் எருமைக் கனப் போர்வையைச் சொட்டச் சொட்டப் போட்டு வெளியே தள்ளினேன். குக்கர் விசில் அடித்தது, ஓடினேன். கயிற்றைத் திரும்பக் கட்டவில்லை.

ரெனீயின் வகுப்பில் இந்த மாதம் ஆற்றல் பாடம். உயரத்தில் சும்மா இருக்கும் பொருளுக்குள் நிலை ஆற்றல் இருக்குமாம். விழ விழ அது இயக்க ஆற்றலாக மாறுமாம். காற்றின் தடையைச் சேர்க்காமல், மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகம் என்று கணக்குப் போட்டாள். எடை கூடினால் வேகம் கூடாதாம், அடிதான் பலமாகுமாம். அன்றிலிருந்து பிரிட்ஜ் மேலிருக்கும் இட்லிப் பானையைப் பார்த்தாலும் அந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. தரையில் இறக்கி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. கயிற்றைத் தளர்வாகக் கட்டியது தான்தான் என்று ரெனீ முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. கோர்ட், ஜெயில் என்றே மனம் ஓடியது. அவர்கள் போன பிறகு, "விடுங்கம்மா, நான் சொல்லிட்டேன் லா. நீங்க யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க" என்றாள். எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். பதினான்கு வயதுப் பிள்ளை. பெற்றவள் நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

உமைரின் மனைவி தமன்னா நேற்று லிப்டில் என் கையைப் பிடித்து, பிள்ளையைத் திட்ட வேண்டாம், சின்னப் பெண்தானே என்றாள்.

திங்கட்கிழமை காலை ரெனீ பள்ளிக்குப் போனதும் போலீஸ் நிலையம் போகலாம் என்றிருக்கிறேன். போகவும் பயம், பாதி வழியில் திரும்பிவிடுவேனோ என்றும் பயம்.

அன்று மாலை எனக்குப் போன் செய்யாதீர்கள், பயத்தில் பொய் சொல்லிவிடுவேன். அவளுக்குச் செய்யுங்கள். அம்மா நிலையத்துக்குப் போனாளா என்று கேளுங்கள்; போயிருந்தால் அவளிடம் நானே சொல்லியிருப்பேன். போகவில்லை என்றால், என்னிடம் எதுவும் கேட்காமல் நீங்களே நிலையத்துக்குப் போன் செய்து என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
வெரோனிகா