என் மேசையில் நடந்த கூட்டம்

தேவமாதா துணை.

அன்பு மகள் இவெட்டாவுக்கு அம்மா யொலானா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டு நடமாடுகிறோம், அதற்கு நலம் என்று பேர் என்றால் நலம். பிரஸ்ஸல்ஸில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் வலி பனியோடு போகும் என்று பார்த்தால் போகவில்லை, வாய் மட்டும் குறையவே இல்லை. பக்கத்து வீட்டு கிசெலாவின் கடைசி மகள் டொமினிகா மஞ்சள் காமாலையில் பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நம் குடியிருப்புக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டரம்மா சொன்னாள், அதைச் சொல்ல டாக்டர் வேண்டுமா. கிசெலா என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன இலையுதிர் காலத்தில் தலைநகர் பிராத்திஸ்லாவாவிலிருந்து நீ வேலை பார்க்கும் அறக்கட்டளையின் ஆட்கள் வந்தார்கள், ஸூசனா என்ற பெண்ணும் கூடவே ஒரு வெளிநாட்டு மனிதரும். ஊரார் எட்டவே நிறுத்தி வைத்திருக்கும் நம் ரோமா ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்பதை இனி நாமே முடிவு செய்ய வேண்டுமாம். கேட்கும்போதே நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் நம்மைக் கேட்டு எவன் எதைச் செய்தான். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு மிரளவைக்காதீர்கள், அவர்கள் அடுப்படியில் போய் உட்காருங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்று ஒரு சிறு புத்தகத்தில் அச்சடித்திருந்தது, எழுதியது நீ என்று ஸூசனா உன் பேரைத் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் என் வீட்டில்தான் என்று நானே முந்திக்கொண்டேன். இறைச்சியும் அரிசியும் வைத்து முட்டைக்கோஸ் இலையில் சுற்றி ஒரு பெரிய பானை வேகவைத்தேன். கிசெலாவும் மற்ற நாலு பெண்களும் வந்தார்கள். குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை என்று வாசலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

வந்தவர்கள் நன்றாகவே சாப்பிட்டார்கள், அந்த மனிதர் மூன்றாம் தரமும் தட்டை நீட்டினார். வெளியாட்கள் நம் வீட்டில் கை நனைப்பதே அதிசயம், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் ஸூசனா ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தாள். பெண்கள் கூடிப் பேச ஒரு மண்டபமாம், பெரிய கண்ணாடி ஜன்னலாம். பிடித்திருக்கிறதா, சம்மதமா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். நீ இந்த வீட்டில் வளர்ந்தவள். ஒரே மேசையில் சாப்பிட்டவர்களை அன்றைக்கே முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது நம்மில் உண்டா? கிசெலா என் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரி நான் வாய் திறந்திருந்தால் அவளும் திறந்திருப்பாள். நான் அழகாக இருக்கிறது என்றேன், ஆறு பேரும் அதையே சொன்னோம். மறுநாள் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம், அதுதானே வழக்கம். மறுநாள் ஸூசனாவுக்குப் போன் செய்தால், எல்லோரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டதாக அறிக்கை போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றாள். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

மண்டபம் எழும்பிவிட்டது. உள்ளே கை கழுவத் தொட்டி உண்டு, பளபளவென்று குழாயும் உண்டு, திருகினால் காற்றுதான் வருகிறது. டொமினிகாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று கிசெலா என் வாசலில் வந்து நின்றாள். "நீ போட்ட விருந்து எம்புள்ள கண்ணுல மஞ்சளா ஏறி நிக்குது, யொலானா" என்றாள். உன் அப்பா என்னைத் திட்டவில்லை. "அவ புத்தகத்துல எழுதினா, நீ பானையில வெச்ச, ரெண்டு பேருமாச் சேந்துதான் இந்தப் பொம்பளைங்க வாயக் கட்டினீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒன்று மனதைக் குடைகிறது மகளே. நம் வழக்கம் ஸூசனாவுக்குத் தெரியாது, அந்த மனிதருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். எழுதும்போது மறந்துபோனாயா, இல்லை தெரிந்துதான் எழுதினாயா? மறந்துவிட்டேன் என்றே பதில் போடு, அதையாவது தாங்கிக்கொள்வேன்.

மே மாதம் உங்கள் பெரிய கூட்டத்தில் நான் வந்து பேச வேண்டும் என்று கேட்டிருந்தாய். வருகிறேன். ஆனால் அங்கே எனக்குத் தட்டு வைக்க வேண்டாம், காப்பிகூட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவை. ரொட்டி கட்டிக்கொண்டு வந்து ரயில் நிலையத்திலேயே தின்றுகொள்வேன்.

தேவமாதா உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, கோபத்திலும் உண்டு. இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. டொமினிகாவுக்காக அங்கே கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்று. இன்னொன்றையும் மறக்காதே. நான் வந்து இறங்கியதும் உன் வீட்டில் எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுத்துவிடாதே, முதலில் உன்னிடம் பேசி முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா யொலானா