லைசென்ஸ் ஃபைலுக்குள் இருந்த சர்டிபிகேட்

என்னங்க,

பேரனோட பிறப்பு சர்டிபிகேட் உங்க கம்பெனி லைசென்ஸ் ஃபைலுக்குள்ள இருந்துச்சு. எடுத்துட்டேன். மகளும் நானும் நோட்டரி வக்கீலைப் பாக்கப் போறோம்.

தலைப்பிரசவம் நம்ம வீட்லதான்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்க. சிங்கப்பூர்லயே பிறந்திருந்தா இம்புட்டு அலைச்சல் இல்ல. இப்ப மாப்பிள்ளை அந்த நாட்டுக்காரர்னு காட்டித்தான் பிள்ளைக்கும் குடியுரிமை வாங்கணும். ஒரு வயசுக்குள்ள பதியணுமாம். பேரன் போயிருவான்னு நீங்க ஒளிச்சு வச்சா நாள் நிக்குமா?

மாப்பிள்ளை மதியம் சாப்பிட வாராக. கறிக்குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காராதீக.

தங்கம்

சர்டிபிகேட்டுக்கு அடியில, ஆஸ்பத்திரியில மை தடவி எடுத்த அவன் பாதத் தடமும் இருந்துச்சு. அதை எந்த ஆபீசும் கேக்கலை. ஃபைல்லயே வச்சிட்டேன்.