சித்தப்பாவின் பாலைவனத்தில் பூ

மே 2009, செவ்வாய் இரவு

காலையில் வன்னியிலிருந்து செய்தி வந்தது. ஷெல் விழுந்து சித்தி இறந்துவிட்டார். சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவர் அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்தில், ஒரு சுரங்கத்தில் வேலை செய்கிறார். பக்கத்தில் நம்முடைய ஆள் யாரும் இல்லாமல் சொல்லக்கூடாது என்கிறார் அப்பா. அடிலெய்டிலிருந்து அவருடைய நண்பர் காரில் புறப்பட்டுவிட்டார். போய்ச் சேர நாளையாகும்.

மாலையில் சித்தப்பாவே அழைத்தார். அப்பா போனை என்னிடம் தந்து, "வழமையாக் கேக்கிறமாதிரிக் கேள், பிள்ளை" என்றார். நான் எப்போதும் அந்த நிலத்தைப் பற்றித்தான் கேட்பேன்; ஓயாமல் கேள்வி கேட்பதால் சித்தப்பாவுக்கு நான் வாத்தியாரம்மா.

"அங்கை இப்பவும் வெக்கையா, சித்தப்பா?"

"பகலிலை வெயில், இரவிலை உங்கடை கனடாக் குளிர். சோத்துப் பானைக்குள்ளையும் செம்மண்தான். ஆனா மழை பெய்ஞ்சதடி, வாத்தியாரம்மா! வெறும் மணல் முழுக்கப் பூ. சித்திக்குச் சொன்னால் நம்பமாட்டா."

"என்ன நிறம்?" என்று கேட்டேன். மஞ்சள், ஊதா, வெள்ளை என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சண்டை முடிஞ்சுதாம். சனம் முகாமுக்கு வருகுதாம். சித்தியும் வந்திருப்பா, என்ன?"

"ஓம், சித்தப்பா."

நாளை அந்தக் கார் போய்ச் சேர்ந்துவிடும். இன்றிரவு, உலகத்திலேயே அந்தப் பாலைநிலத்தில் மட்டும்தான் சித்தி உயிரோடு இருக்கிறார்.