அப்பா பாராட்டிய பெட்ரோல்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அத்தை, நம் வண்டி நாலு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் நீ புதிதாக வாங்கிய பழைய வண்டியும் அப்படியே இருக்க வேண்டும். போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாய், ஆபீஸில் எல்லோரும் பிரீமியம் பெட்ரோல்தான் போடச் சொல்கிறார்கள், கூடுதல் விலைக்கு அது தகுமா அம்மா என்று. நான் பதில் சொல்வதற்குள் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார், கண்ணை மூடிக்கிட்டு பிரீமியமே போடு, நம்ம வண்டி இப்ப எப்படி வழுக்கிக்கிட்டு போகுது தெரியுமா என்று அரை மணி நேரம் அளந்தார். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன், அன்றைக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் போய்விட்டது, நேற்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டையில் இரண்டு பாக்கெட்டையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன், அதைப் பிரிக்கும்போதும் சிரிப்புத்தான். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அப்பாவுக்குக் கண்புரை எடுத்த பிறகு ஒன்றரை மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நான் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகியும் என் கைக்கு வராத சாவி, வேறு வழியில்லாமல் அன்றைக்குத்தான் வந்தது. முதல் நாள் அப்பா கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்து சீட்டில் ஏறி, கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரா பெட்ரோல் பங்குக்குப் போ, பிரீமியம் போட்டுக்கலாம், புதுசா ஓட்டுறவங்க கையில இன்ஜின் திணறும், நல்ல பெட்ரோலா இருந்தா தாங்கிக்கும் என்றார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, விலை குறைஞ்சதுலயும் அதே மருந்துதாம்மா, அட்டைதான் வேற என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது. சரி போகட்டும் என்று போட்டேன். வண்டி திணறவில்லை, குலுங்கவில்லை, சிக்னலில் நின்று கிளம்பினால் கிளம்பியதே தெரியவில்லை. பார்த்தியா பெட்ரோலோட குணத்தை என்றார். முப்பது வருஷமாக மெஷின் பெடலைக் கால் நுனியால் அழுத்தி மெல்லிசுத் துணியைச் சுருக்கம் விழாமல் தைக்கிறவளுக்கு ஆக்ஸிலேட்டரை எப்படி மிதிக்க வேண்டும் என்று தெரியாதா என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவே இல்லை.

இதில் அத்தை வேறு. முழங்கால் வைத்தியத்துக்கு வாராவாரம் அவளை அழைத்துப் போகிறோமே, அப்பா ஓட்டினால் மடியில் பிளாஸ்டிக் கவரை விரித்துக்கொண்டு உட்காருவாள், பாலம் தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும், இது எத்தனை வருஷக் கதை என்று உனக்கே தெரியும். நான் ஓட்டிய முதல் வாரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள், இறங்கும் இடத்தில் தட்டி எழுப்பினோம். அப்பா அதற்கும் காரணம் கண்டுபிடித்தார், இத்தனை நாளா அவளுக்கு ஒத்துக்காம போனது சாதா பெட்ரோல் வாடைதான் என்றார். எனக்கு உள்ளுக்குள் புகைந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் டயருக்குக் காற்று அடிக்கப் போனபோது பின் தெரு மெக்கானிக்கிடம், நீ போன வாரம் கேட்ட கேள்வியைத்தான் நான் அப்போதே கேட்டேன். அவர் டேங்க் மூடிக்கு மேலே இருக்கிற கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டைக் காட்டினார், அதில் சாதா பெட்ரோல் போதும் என்று வண்டி செய்தவர்களே போட்டிருக்கிறார்கள். சில இன்ஜினில் அழுத்தம் அதிகம், அதில் சாதா பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் பற்றிக்கொண்டு டக்டக்கென்று தட்டும், அப்படித் தட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பிரீமியத்தின் வேலை, மற்றபடி இழுக்கிற சக்தி ஒன்றும் கூடாது, நம்ம வண்டிக்கு அது தேவையே இல்லைக்கா என்றார். அன்றிலிருந்து நான் தனியாகப் பங்குக்குப் போய் சாதாதான் போட்டேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அவர் பாட்டுக்கு ஒரு மாதமாகப் பிரீமியத்துக்குப் புகழ் பாடிக்கொண்டிருந்தார், தெருவில் இரண்டு பேரை மாற்றியும் விட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ ஊருக்கு வருகிற தேதி சொன்ன அன்றே அப்பா, அதுக்குள்ள என் கண்ணு சரியாயிடும், விமான நிலையத்துக்கு நானே ஓட்டிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டார். ஐந்து மணி நேரப் பாதை. நீ கிளம்பிப் போன அன்று பின் சீட்டில் உன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், திரும்பி வரும்போது மடியில் பை இல்லை, கைக்கு ஒரு வேலையும் இல்லை, வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். இந்தத் தடவை உன்னை நான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும், எனக்கு வேறு ஆசையே இல்லையடி. பெட்ரோல் விஷயத்தைச் சொல்லி அவருக்கு ரோஷம் வந்துவிட்டால் சாவி போய்விடும் என்று பயந்தேன்.

நேற்றுக் காலை டாக்டர் இனிமேல் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டார், என் முகம் போன போக்கை அவர் பார்க்கவில்லை. நேராகப் பங்குக்குப் போய்ப் பக்கத்தில் நின்று டேங்க் நிறையப் பிரீமியம் போட்டார். அத்தையை வைத்தியத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கேட்டைத் தாண்டும்போதே வண்டி ஒரு குதி குதித்தது. கிளட்ச் மேலே வைத்த காலை எடுக்கவே இல்லை, வேகத்தடை வந்தால் கடைசி நிமிஷத்தில் பிரேக். இரண்டாவது திருப்பத்தில் அத்தை, அண்ணா ஓரமா நிறுத்து, என்னால முடியல என்றாள். அப்பா இறங்கி வண்டியைச் சுற்றி வந்து, பங்க்காரன் ஏமாத்திட்டான் போலிருக்கே, இது பிரீமியமே இல்ல என்றார். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த அத்தை நிமிர்ந்து, பெட்ரோல் மேல ஏன் பழி போடற, அண்ணி கையில சாவியைக் குடு என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை, ஒரு மாதமாக சாதாதான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்ரோல் கதவைத் திறந்து அந்தச் சீட்டைக் கண்ணாடி இல்லாமலே எழுத்து எழுத்தாகப் படித்தார், மூடினார், சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். அத்தை தூங்கிவிட்டாள். பாலம் ஏறி இறங்கினோம். அப்புறம் அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அப்ப ஒரு மாசமா நான் உன்னையா பாராட்டிக்கிட்டு இருந்தேன் என்றார். ஆமாம் என்றேன். சரி, விமான நிலையத்துக்கும் நீயே ஓட்டு என்றார்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான், டேங்க் கதவைத் திறந்து சீட்டைப் படி, பிரீமியம் கட்டாயம் என்று போட்டிருந்தால் கஞ்சத்தனம் பார்க்காமல் போடு, இல்லையென்றால் சாதாவே போதும், டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார். அந்த ஊர் மழையில் வேகமாகப் போகாதே, பசித்த வயிற்றோடு ஓட்டாதே. நீயும் உன் வேலையும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். விமானம் இறங்கும் நேரத்தை மறக்காமல் எழுது. வெளியே வந்ததும் பழைய ஞாபகத்தில் டிரைவர் சீட்டில் அப்பாவைத் தேடாதே, அங்கே நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை அழைத்துவரப் போகும்
அம்மா