சுடுதண்ணீர் ரப்பருக்கு எண்ணெய்க் குளியல்

என் பிரியமுள்ள ரஹீம் அண்ணா,

உங்கள் மய்யத்து எடுத்த அன்று வாசலில் நின்று அழுதவள்தான். இன்று அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வருகிறது.

நம் மாம்பழக் கூழ் ஆலையில் பெல்லோஸ் போய்விட்டது. பம்புக்கும் குழாய்க்கும் நடுவே, சூட்டில் குழாய் நீளும்போது வளைந்துகொடுக்க நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ரப்பர் இணைப்பு. உப்பி, ஒரு பக்கம் பிதுங்கி, கிளைகால் என்ற ரசாயனம் கலந்த சுடுதண்ணீர் பீறிட்டது. பக்கத்தில் நின்ற இண்டூர் முனியம்மா அக்காவின் கால் வெந்துபோனது.

புது மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "செத்துப்போன இன்ஜினியர் தப்பான ரப்பரப் போட்டுட்டான்." போட்டுட்டானாம்!

தப்பான ரப்பரா? சாதா ரப்பர் அந்தச் சூட்டில் இறுகி வெடிக்கும், சுடுதண்ணீரைத் தாங்கும் இபிடிஎம் ரப்பர்தான் வேண்டும் என்று ஸ்டோரில் இருந்த என்னை எத்தனை முறை விரட்டினீர்கள்!

நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு மற்ற மெஷின்களை எண்ணெய் போட்டுத் துடைத்தாலும், பெல்லோசுக்கு மட்டும் நீங்களே ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம் வைப்பீர்கள். "சுடுதண்ணி குடிக்கிறவனுக்கு எண்ணெ ஒத்துக்காது தங்கச்சி, பொட்டு போதும்" என்பீர்கள். இந்த முறை முதலாளி வருகிறார் என்று மேனேஜர் அதற்கும் மெஷின் ஆயிலைப் பூசச் சொன்னார். பளபளப்பு பிடித்துப்போய், பிறகு வாராவாரம் பூச வைத்தார். அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பாமல் என்ன செய்யும்?

இப்போது புதிதாக ஒரு ஞானம். "எண்ணெ தாங்குற நைட்ரில் ரப்பர் வாங்கும்மா. கிளைகாலும் கையில வழவழங்குது, எண்ணெதானே?" வழவழப்பெல்லாம் எண்ணெயா அண்ணா? இவர் வெண்டைக்காயில் விளக்கெரிப்பாரா? நைட்ரில் அந்தச் சூட்டில் நாளாக நாளாக இறுகி விரிசல் விடும் என்று சொன்னவர் நீங்கள்தானே. அடுத்து யார் கால்?

"எண்ணெய நிறுத்துங்க சார், ரப்பர மாத்தாதீங்க. நைட்ரிலுக்கு நான் ஆர்டர் எழுத மாட்டேங்க" என்றேன்.

"செத்தவனுக்கு வக்காலத்து வாங்குறியா?"

"உசுரோட இருக்கிறவங்களுக்கும் சேத்துத்தாங்க." முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

முனியம்மா அக்கா கட்டுப்போட்ட காலோடு கதவருகே வந்து நின்றாள். "ரஹீம் பாய் போட்டதயே போடுங்க. இல்லீன்னா பொம்பளைங்க ஒருத்தரும் அந்தப் பக்கம் நிக்க மாட்டோம்" என்றாள். அவள் பின்னால் எல்லோரும் நின்றார்கள். மேனேஜர் ஆர்டர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

இபிடிஎம்தான் வருகிறது, அண்ணா. ஆனால் உங்களைத் தப்பு சொன்ன வாயால் இன்னும் ஒரு வார்த்தை திருத்திச் சொல்லவில்லை. அதை நான் விடப்போவதில்லை.

அடுத்த பூஜைக்கு ஈரத்துணியும் சந்தனமும் என் கையில்தான் இருக்கும். எண்ணெய்க் கிண்ணம் அந்தப் பக்கம் வராது. மாதா கோயிலுக்குப் போகிறவள் பொட்டு வைக்கலாமா என்று கேட்காதீர்கள். பள்ளிவாசலுக்குப் போன நீங்கள் வைக்கவில்லையா?

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
ஸ்டெல்லா