விதைக்காமல் போன சின்னப் பொட்டலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் டாக்டர் சொன்ன நடையை அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தே முடித்துவிட்டதாகச் சாதிக்கிறாள். போனில் நீ தேன்பெட்டி மாமாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ பள்ளியில் படித்தபோது நம் பருத்திக்குப் புது விதை வந்ததே, மரபணுவை மாற்றிய விதை, காய்ப்புழு கடித்தால் செடியே அதைக் கொன்றுவிடும் என்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்படியேதான் நடந்தது. பத்துத் தடவை மருந்து அடித்த இடத்தில் இரண்டு தடவை போதுமானதாக இருந்தது. பொறிவண்டும் சிலந்தியும் செடிக்குச் செடி தெரிந்தன, அதைப் பார்த்துத்தான் மாமா தன் இருபது தேனீப் பெட்டிகளையும் நம் வரப்பில் கொண்டுவந்து வைத்தார். விதைப் பையோடு ஒரு சின்னப் பொட்டலமும் வரும், அதில் சாதாரண விதை. அதை வயலைச் சுற்றி விதைக்கச் சொன்ன தாளை நீதான் படித்துக் காட்டினாய். சாதாரணச் செடியில் வளர்கிற புழுக்களும், விஷத்துக்குத் தப்பிய ஒன்றிரண்டும் இனம் கலந்தால்தான் விஷத்தைத் தாங்கும் புழு பெருகாது என்றாய். "புழுவுக்குப் பந்தி போடச் சொல்றியா" என்று நான் சிரித்தேன். வருடா வருடம் அந்தப் பொட்டலம் குப்பைக்குத்தான் போனது, நம் வீட்டில் மட்டுமில்லை, எல்லார் வீட்டிலும்.

முதலில் மாவுப்பூச்சி வந்தது. செடியின் விஷம் காய்ப்புழுவுக்குத்தான், சாறு உறிஞ்சுகிறவற்றை அது ஒன்றும் செய்யாது, மருந்து குறைந்ததும் அவை பெருகின. போன வருடத்துக்கு முந்தின வருடம் அம்மா ஒரு காயை உடைத்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள், உள்ளே இளஞ்சிவப்புக் காய்ப்புழு, உயிரோடு, கொழுகொழுவென்று. பூச்சி ஆபீசர் வந்து நூறு காய் உடைத்தார், அறுபத்து மூன்றில் புழு. எங்களையெல்லாம் உட்காரவைத்து, "சின்னப் பொட்டலத்தை யார் விதைச்சீங்க" என்று கேட்டார். நான்தான் முதலில் எழுந்து "நான் விதைக்கல சார்" என்றேன், அப்புறம் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.

போன வருடம் பயத்தில் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்தேன். அடிக்கப்போவதை முதல் நாளே சொன்னால் மாமா பெட்டிகளின் வாசலை அடைத்துவிடுவார், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அன்று காலை பூவெல்லாம் விரிந்திருந்தது, அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. இல்லையம்மா, உன்னிடம் என்ன மறைப்பு, தோன்றியது, இன்னும் ஒரு நாள் பொறுக்கத்தான் மனமில்லை. மதியம் போய்ப் பார்த்தால் பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன, சில இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன. மாமா குந்தி உட்கார்ந்து கையால் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டட்டும் என்று நின்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார், அவ்வளவுதான். தப்பிய நான்கு பெட்டிகளை வண்டியில் ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன். ஏறி உட்கார்ந்த பிறகு, "உங்க மேல கோவம் இல்ல, ஆனா இனிமே பெட்டிய இங்க வைக்க எனக்குத் தைரியம் வராது" என்றார்.

இந்த வருடம் வயலைச் சுற்றி ஐந்து வரிசை சாதாரண விதை போட்டிருக்கிறேன். நம்மோடு மூன்று வீடுகள்தான், மற்றவர்கள் "இனிமே எதுக்கு" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம், தாங்கப் பழகிவிட்ட புழு திரும்ப மாறுமா என்று ஆபீசருக்கே உறுதியில்லை. ஆனாலும் போட்டேன். அம்மா கூடவே வந்து விதை ஊன்றினாள், அந்த முட்டிவலியோடு.

நீங்கள் இருவரும் மனக்குறை இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ராத்திரி ரொம்ப நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மறக்காமல் மாமாவுக்குப் போன் போடு. நான் கூப்பிட்டாலும் எடுக்கிறார், "சாப்டாச்சா" என்பதற்கு மேல் பேச்சு நீளவில்லை. நீ பேசினால் பேசுவார். எனக்காக அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம், அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா