நீலத் தட்டும் மூன்று வரியும்

அக்டோபர் 9
மருத்துவர் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். "அன்னன்னிக்கு செஞ்சதை மூணு வரி எழுதுங்கம்மா, போதும்" என்றார். மருந்து சாப்பிட்டேன். அடுப்பை அணைத்தேன் – இரண்டு முறை பார்த்தேன். போன மாதம் பாத்திரத்தைக் கரியாக்கியதிலிருந்து மகன் நோபு ஒரே பிடிவாதம். "இன்னொரு தடவை எதையாவது மறந்தே, வீட்டைப் பூட்டிட்டு நகோயாவுக்கு வந்துடணும்." நாற்பத்திரண்டு வருடமாக இருக்கும் வீடு. அங்கே அவனுடைய பத்தாவது மாடி வீட்டில் நான் என்ன செய்வேன்?

அக்டோபர் 12
பக்கத்து வீட்டு கினுயோ அக்கா நீலத் தட்டில் கத்தரிக்காய் ஊறுகாய் கொண்டுவந்தார். ஒரே உப்பு. சொல்லவில்லை.

அக்டோபர் 14
தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வெறுந்தட்டாகவா கொடுப்பது? இரண்டு பெர்சிமன் பழம் வைத்தேன்.

அக்டோபர் 15
மருந்து. மழை.

அக்டோபர் 20
குப்பை போடும் இடத்தில், நாலு பேர் எதிரில் கினுயோ அக்கா: "என்னடி ஹிசாகோ, என் நீலத் தட்டை முழுங்கிட்டியா? எத்தனை தடவைதான் கேக்கறது!" எல்லாரும் சிரித்தார்கள். உடம்பெல்லாம் கூசிப்போனது. 14ஆம் தேதி கொடுத்ததாக எழுதியிருக்கிறேன். கொடுத்துவிட்டு எழுதினேனா, கொடுக்க நினைத்து எழுதினேனா? ஐயோ, எனக்கே தெரியலையே. அரிசி டப்பாவுக்குள்கூடத் தேடினேன்.

அக்டோபர் 21
கிடைக்கவில்லை. அழுதேன். ஞாயிற்றுக்கிழமை நோபு வருகிறான்.

அக்டோபர் 23
புதுத் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு கினுயோ அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. நீலத் தட்டு அங்கேதான் இருந்தது. மேலே என் பழங்கள் இரண்டும் தொடாமல் குழைந்து கிடந்தன. வந்த கோபத்தில் நறுக்கென்று கேட்டிருப்பேன். அதற்குள் தேநீர் ஊற்றிக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் சௌக்கியமாடி?" என்றார்.

அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அன்று என்னைவிட அதிகமாக அழுதவர் கினுயோ அக்காதான்.

"நல்லா இருக்கார் அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

அக்டோபர் 26
நோபு வந்ததும் வராததுமாக வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கினுயோ அக்கா: "உங்கம்மா என் தட்டைத் தர மாட்டேங்கறாப்பா." நோபு என்னைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் அவர் மருமகள் அங்கேயே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேன் அக்கா, தேடித் தரேன்."

உள்ளே வந்ததும், "இதுக்கு மேல என்னம்மா?" என்றான். இந்தக் குறிப்பேட்டை அவன் முன்னால் வைத்தேன். கடைசிப் பக்கம்வரை படித்தான். "அவங்க வீட்ல சொல்ல வேணாமா?"

"சொல்லணும். முதல்ல அக்காகிட்ட நான் சொல்றேன்."

"சரி. நீ இங்கேயே இரு. ஆனா ஒரு நாள் விடாம எழுதணும்."

அக்டோபர் 28
நீலத் தட்டிலேயே மறுபடி ஊறுகாய் வந்தது. இன்னும் உப்பு. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். புதுக் குறிப்பேடும் பென்சிலும் வைத்துத் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "எழுதினாத்தான் எனக்கு எதுவும் நிக்குது அக்கா. நீங்களும் எழுதுங்களேன்." என் முகத்தையே பார்த்தார். "எனக்கும் ஏதோ ஆகுதுன்னு தெரியுதுடி" என்றார், மெதுவாக.

அக்டோபர் 29
மருந்து. அடுப்பு. கினுயோ அக்கா குறிப்பேட்டோடு வந்து, "சரியா இருக்கா பாரு" என்றார். மூன்று வரி.

நீலத் தட்டு வந்துவிட்டது.
ஹிசாகோவைத் திட்டக் கூடாது.
அவள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மறுபடி கேட்கக் கூடாது.

கடைசி வரியில் இருப்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.